ஆடிட்டுக்கு மறுநாள்

நான் எழுதிய முதல் கற்பனைக் கதை ஒரு வருகைப் பதிவேடு.

திருப்பூரில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பனியன் கம்பெனியின் அலுவலக அறையில் உட்கார்ந்து அதை எழுதினேன். அதில் வருகிற மனிதர்கள் அத்தனை பேரும் உண்மையானவர்கள். பெயர், டோக்கன் நம்பர், ஊர் எல்லாம் உண்மை. நேரம் மட்டும் கற்பனை. காலை 8.30க்கு வருகிறார்கள், மாலை 5.30க்குப் போகிறார்கள், ஞாயிறு தவறாமல் விடுமுறை. ஒன்றரை ஷிப்ட் என்ற சொல்லே அந்தக் கதை நாட்டின் அகராதியில் கிடையாது. மூன்று மாதக் கதையை இரண்டு ராத்திரியில் எழுதி முடித்தேன். ஒரே மையில் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நாலு பேனா வாங்கித் தந்திருந்தார்கள்.

பையர் ஆடிட் என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்: சரக்கு வாங்குகிறவர் ஆள் அனுப்பி வேலை நிலைமையைச் சோதிப்பது. தரையில் மஞ்சள் கோடு புதிதாக ஏறியது. கட்டிங் மாஸ்டர் கையில் இரும்பு வலைக் கையுறை, செக்கிங் பெண்கள் முகத்தில் மாஸ்க், மாடிப்படியில் அடைத்துக்கொண்டிருந்த அட்டைப்பெட்டிகள் போன இடம் தெரியவில்லை. நூல் கோன் அடுக்கியிருந்த அறை ஒரே நாளில் குழந்தைகள் காப்பகம் ஆனது. சுவரில் ஒரு முயல் வரைந்தார்கள். முதலாளியின் பேரன் ஏறி ஆடிய சிவப்பு பிளாஸ்டிக் குதிரை ஒன்று அவர் வீட்டிலிருந்து வந்து அறையின் நடுவில் நின்றது. சூப்பர்வைசர் டேபிள் டேபிளாகப் போய்ச் சொன்னார்: "எத்தன மணிக்குப் போறீங்கன்னு கேட்டா அஞ்சரைன்னு சொல்லோணும். தெரியுதுங்களா அக்கா?"

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்தக் கட்டடம் நிஜமாகவே நன்றாக இருந்தது. காற்று வந்தது. குடிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. யாரும் யாரையும் அதட்டவில்லை. மாலை ஐந்தரைக்கு மணி அடித்தபோது எல்லோரும் உண்மையாகவே வெளியே வந்தார்கள். வெயில் இன்னும் இறங்காத அந்த வேளையில், வெளிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்கள்போலச் சிலர் கேட் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்தேன்.

அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவே இல்லை. ஒரு பயணி வருகிறார். தான் அறியாத ஒரு நாட்டைச் சுற்றிப் பார்க்கிறார். அங்கே மனிதர்கள் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள், என்ன உண்கிறார்கள், குழந்தைகளை எங்கே விடுகிறார்கள் என்று கேட்கிறார். திரும்பிப் போய் எழுதுகிறார். உலக இலக்கியத்தில் 500 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் கற்பனை நாட்டுப் பயணத்தின் வடிவம் அப்படியே இதுதான் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்து, புத்தகங்கள் வழியாகவே தெரியவந்தது.

1516இல் தாமஸ் மோர் எழுதிய 'உட்டோப்பியா'வை நாம் ஐரோப்பியச் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அந்த இல்லாத நாட்டைக் கண்டதாகச் சொல்லும் கடலோடி ரஃபேல், இலங்கை வழியாகக் கள்ளிக்கோட்டைக்கு வந்து, அங்கே கிடைத்த போர்த்துகீசியக் கப்பலில் ஏறித்தான் ஊர் திரும்புகிறான். அந்த நூல் வந்தபோது வாஸ்கோ ட காமா அதே கரையில் இறங்கி 18 ஆண்டுகளே ஆகியிருந்தன. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் அவன் கப்பல் ஏறினான். இந்தப் பக்கம் நாம் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக் கதை என்றே சொல்லலாம். அது துணியின் கதையும்கூட. கம்பளி விலை ஏறியதால் இங்கிலாந்தின் நிலக்கிழார்கள் குடியானவர்களை விரட்டிவிட்டு வயல்களை ஆட்டுக்கு விட்டார்கள், அங்கே ஆடுகள் மனிதர்களைத் தின்கின்றன என்ற குமுறலோடுதான் நூலின் முதல் பகுதி நடக்கிறது. அதற்கு மாற்றாக மோர் காட்டும் நாட்டில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உழைத்தால் போதும். வேலைக்கு உடுத்தும் தோலாடை ஏழு ஆண்டு உழைக்கும். மேலங்கிக்குச் சாயமே கிடையாது, கம்பளியின் இயல்பான நிறம்தான் எல்லோருக்கும். அதிலும் ஒரே அங்கி இரண்டு ஆண்டுக்குப் போதும். (அப்படி ஒரு நாடு நமக்கு வாடிக்கையாக வாய்த்திருந்தால் நம் காதர்பேட்டை பனியன் சந்தை ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்.)

ஆனால் அந்த நாட்டில் அடிமைகளும் உண்டு. ஆடு மாடு அறுப்பது உள்ளிட்ட கடின வேலைகள் அவர்கள் தலையில். எந்தக் கற்பனை நாட்டைப் படித்தாலும் அழுக்கு வேலையை அங்கே யார் செய்கிறார்கள் என்று முதலில் தேடிவிடுவது என் வழக்கம். அந்த இடத்தில்தான் ஆசிரியரின் கனவு எவ்வளவு தூரம் நீண்டது, எங்கே களைத்துப்போனது என்பது தெரியும்.

களைத்துப்போகாத ஒரு கனவு 1905இல் நம் சென்னையில் அச்சாகியிருக்கிறது. ரொக்கேயா சகாவத் உசேன் என்ற வங்காள முஸ்லிம் பெண், கணவர் அரசுப் பணியில் இருந்த பீகாரின் பாகல்பூர் பக்கம் இருந்துகொண்டு, ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதை, சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் வெளியானது. சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த ஒருத்தியை சாரா என்ற தோழி ஒரு பெண்கள் நாட்டுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, நாட்டை ஆள்வது பெண்கள். வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்துச் சமைக்கிறார்கள். அடுக்களையில் புகை இல்லை. மேகத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுக்கிறார்கள். குற்றம் இல்லாததால் போலீஸ் தேவையில்லை.

அந்தக் கதையில் என்னை நிறுத்தி வைத்த இடம் ஒரு மேசை விரிப்பு. அதிலுள்ள பூத்தையலைப் பார்த்த விருந்தாளி, ஆய்வுக்கூட வேலையும் பார்த்துக்கொண்டு இதற்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்கிறாள். வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவேன் என்கிறாள் சாரா. பின் ஆண்களின் அலுவல் நேரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறாள்: ஒரு சுருட்டு எரிந்து முடிய அரை மணி, ஒருவர் நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு பிடித்தால் ஆறு மணி நேரம் புகையாகப் போயிற்று. ஊசிக் காதில் நூல் கோக்கும் பொறுமைகூட ஆண்களுக்கு இல்லை என்பது அவள் கட்சி. இதை மட்டும் நம் பவர்டேபிள் தையல்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு கோத்துவிடுகிற ஆண்களை எனக்குத் தெரியும்.

விளையாட்டுப்போலச் சொல்லப்பட்ட அந்தக் கணக்கு விளையாட்டானது அன்று. ஒரு சமூகம் தன் மனிதர்களின் நேரத்தை என்ன செய்கிறது என்பதே அந்தச் சமூகத்தைப் பற்றிய முதல் கேள்வி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்று ரொக்கேயாவுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகாமல், அண்ணனிடம் வீட்டிலேயே எழுத்துக் கற்றவர் அவர். அந்தக் கனவு எழுதப்பட்ட அதே பீகாரிலிருந்து இன்று ரயிலேறி வருகிறவர்கள் நம் ஊர் ஸ்டேஷனில் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறார்கள். ஓவர்லாக், பேட்லாக், கைமடி, ஹெல்பர் தேவை என்று மின்கம்பங்களில் ஒட்டியிருக்கும் தாள்களில் இப்போது இந்தியும் உண்டு. ஆறு மணி என்றார் மோர், இரண்டு மணி என்றார் ரொக்கேயா. தாளில் எந்த மணியும் போட்டிருப்பதில்லை. ஒன்றரை ஷிப்ட் என்பது சொல்லாமலே விளங்கும்.

எட்டிப் பிடிக்கிற தூரத்தில், ஈரோட்டிலிருந்து ஒருவர் எழுதினார். பெரியாரின் 'இனிவரும் உலகம்' 1940களில் வந்த நூல். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கம்பியில்லாக் கருவி இருக்கும், ஆளுக்கு ஆள் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள் என்று அவர் எழுதியதை இன்றும் வியந்து பகிர்கிறோம். வியப்பு நியாயமானதுதான். ஆனால் அதே நூலில் அவர் பணம் இல்லாத, இழிவேலை என்று ஒன்று இல்லாத, மனிதன் மிகக் குறைவாக உழைத்தால் போதுமான ஒரு வாழ்வையும் சொல்லியிருந்தார். அந்தப் பக்கங்களை யாரும் பகிர்வதில்லை. கருவி வந்து சேர்ந்தது; நேரம் வந்து சேரவில்லை. கற்பனை நாட்டிலிருந்து கிளம்பிய கப்பலில் விற்கக்கூடிய சரக்கை மட்டும் இறக்கிக்கொண்டு, மிச்சத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம். இரவு எட்டரைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே, தூங்கிவிட்ட குழந்தையின் முகத்தை அந்தக் கருவியில் பார்க்கிற தாயிடம் அவர் சொன்னதில் எது பலித்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கனவை எழுதுவதோடு நிற்காமல் நடத்திப் பார்த்தவர்களும் உண்டு. ராபர்ட் ஓவன் நம் தொழில்காரர், பஞ்சாலை முதலாளி. ஸ்காட்லாந்தின் நியூ லனார்க்கில் 1800 முதல் கால் நூற்றாண்டு ஆலை நடத்தினார். பத்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார், அவர்களுக்குப் பள்ளி வைத்தார், நியாய விலைக்குக் கடை போட்டார். ஆலையும் லாபத்தில் ஓடியது. தூர தேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அந்த ஊரைப் பார்க்க வந்தார்கள். ஒரு நாளைக்கென்று ஜோடித்த ஊராக இல்லாமல், வந்தவர்கள் போன மறுநாளும் அப்படியே இருந்த ஊர் என்பதற்காகவே அவரை வணங்கலாம்.

ஆனாலும் அங்கே ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் நான்கு பக்கமும் நான்கு நிறம் பூசிய ஒரு மரக்கட்டை தொங்கியது. கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. நேற்றைய நடத்தை எப்படியோ அந்த நிறம் இன்று முன்பக்கம் திரும்பியிருக்கும். பேசாத கங்காணி என்று அதற்குப் பெயர். நம் லைன்களில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதித் தொங்குகிற டார்கெட் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டை ஞாபகம் வரும். அந்த மக்கள் தன் தயவில்தான் இருந்தார்கள் என்று ஓவனே பின்னாளில் ஒத்துக்கொண்டார். 1825இல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற சமத்துவ ஊரை உண்டாக்கினார். இரண்டு மூன்று ஆண்டுகூட அது தாங்கவில்லை. ஒரு நல்ல மனிதன் கொடுத்த சொர்க்கம் அந்த நல்ல மனிதனின் சொத்தாகவே இருந்துவிடுகிறது. கோயிலும் டிவியும் சுத்தமான கழிவறையும் உள்ள நம் கம்பெனிப் பெண்கள் விடுதியின் வெளிக்கதவுப் பூட்டு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை நாம் இங்கே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? எனக்கு இதில் தெளிவு தந்தது மணிமேகலையில் வரும் சாதுவன் கதை. கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய அந்த வணிகன் அவர்கள் மொழி அறிந்தவன். மனிதரைத் தின்பவர்கள் அவனைத் தின்னாமல் பேச்சுக்கு உட்கார்ந்தது அதனால்தான். கள்ளையும் ஊனையும் அவன் மறுக்கிறான். ஏன் என்று தலைவன் சினந்து கேட்கிறான். உயிரையும் வினையையும் பற்றி இருவரும் வாதாடுகிறார்கள். கடைசியில் தலைவன், உன் அறம் முழுவதும் எங்களால் ஆகாது, எங்களுக்கு ஆகக்கூடிய அறத்தைச் சொல் என்கிறான். சாதுவனும் இறங்கி வருகிறான். கலம் உடைந்து வருகிற மனிதரைக் கொல்ல வேண்டாம், விலங்குகளில் மூத்துச் சாகிறவற்றை மட்டும் உண்ணுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். அதை நாகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

வந்தவன் கேட்க, இருப்பவன் பதில் சொல்ல, இருப்பவன் திருப்பிக் கேட்க, வந்தவன் தன் அறத்தின் அளவைத் திருத்திக்கொள்கிற இந்த உரையாடல் நம் ஆடிட் நாளில் நடக்கவில்லை. எட்டு மணி நேரம்தானே என்று கேட்கிற பையரே அடுத்த சீசனுக்கு பீஸ் விலையைக் குறைக்கச் சொல்கிறார், டெலிவரி நாளைச் சுருக்குகிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அதில் ஒரு பங்கை நீங்களே சுமந்துகொள்ளுங்கள் என்று பேரம் பேசினார். அறத்துக்கும் விலைக்கும் தனித்தனி இமெயில். நாகர் தலைவன் கேட்டதுபோல, உங்கள் விலையில் எங்களுக்கு ஆகக்கூடிய அறம் எது என்று முதலாளி கேட்டிருக்கலாம். ஆர்டர் போய்விடும் என்று அவர் கேட்கவில்லை. தொழிலாளி கேட்டிருக்கலாம். வேலை போய்விடும் என்று அவரும் கேட்கவில்லை. கேட்காத இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் நாலு பேனாவால் எழுதிக்கொண்டிருந்தேன்.

கேட்ட நாட்களும் இந்த ஊருக்கு உண்டு. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அவர்கள் புதிய உலகத்தைக் கேட்கவில்லை. சம்பளக் கணக்கில் ஒரு வரி கேட்டார்கள்.

அதைவிடப் பெரிய உதாரணம் நொய்யல் ஆறு. சாயப்பட்டறைத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட ஆற்றில் விழாத திருப்பூர் என்பது ஒரு காலத்தில் தாமஸ் மோர்கூட எழுதத் தயங்கியிருக்கக்கூடிய கற்பனை. நடக்காத காரியம், அப்படிச் செய்தால் தொழில் செத்துவிடும் என்றுதான் ஊரே சொன்னது, நானும் சொன்னவன்தான். கீழ்மடையில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயநீர்க் குட்டையாகக் கிடந்தது. தென்னை காய்ந்தது, கிணறு உப்பாயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடின, ஆயிரக்கணக்கானோர் ஊருக்கு பஸ் ஏறினார்கள், அந்த மாதங்களின் கொடுமையை மறைக்க முடியாது. பிறகு சவ்வுகளும் ஆவியாக்கிகளும் வந்தன. சாயம் போட்ட தண்ணீரையே திரும்பப் பிடித்து மறுபடி சாயம் போடுகிற ஊராகத் திருப்பூர் மாறியது. இன்று அதே விஷயத்தைப் பெருமையோடு பையருக்குப் படம் போட்டுக் காட்டுகிறோம். (பிரித்தெடுத்த உப்பும் சகதியும் மூட்டை மூட்டையாக எங்கே அடுக்கியிருக்கின்றன என்பது படத்தில் வராது. அழுக்கு வேலையைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம் என்றேன் அல்லவா.)

இந்த இரண்டையும், அந்த ஒருநாள் காப்பகத்தையும் இந்தத் தண்ணீரையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நல்ல சமூகத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தின் அடிப்படைப் பிழை புலப்படுகிறது. நல்ல நாடு எப்படி இருக்கும் என்று தெரியாததால் நாம் கெட்ட நாட்டில் வாழ்கிறோம் என்று நினைக்கிறோம். அது உண்மையாக இருந்தால், நடைபாதை எத்தனை அடி இருக்க வேண்டும், தண்ணீர் எத்தனை தப்படியில் கிடைக்க வேண்டும், தாய் வேலை செய்யும்போது குழந்தை எங்கே விளையாட வேண்டும் என்று அணுவளவும் பிசகாமல் அறிந்து, ஒரே ராத்திரியில் அதைக் கட்டி நிறுத்திவிடுகிற ஒரு கம்பெனி எப்படிச் சாத்தியம்? வரைபடம் நம் கையில் எப்போதும் இருந்திருக்கிறது. அந்த நாட்டை ஒரு பார்வையாளருக்காகக் கட்டினால் அவர் காரேறும் வரை அது நிற்கிறது. ஒரு நல்லவரின் மனத்தை நம்பிக் கட்டினால் அவர் காலம் வரை நிற்கிறது. தண்ணீர் கெட்டால் குடிக்க வேறு கிணறு இல்லாதவர்கள், கீழ்மடையில் இருப்பதாலேயே கேட்பதை நிறுத்த முடியாதவர்கள், மேல்மடையைப் பார்த்து இன்றும் நாளையும் அதற்கு மறுநாளும் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிற இடத்தில் மட்டும், நடக்காது என்று எல்லோரும் சொன்ன ஒன்று மெல்ல மெல்ல அன்றாட வழக்கமாகி, கற்பனை என்ற பெயரையே இழந்துவிடுகிறது.

அன்று ஆடிட்டுக்கு வந்த வெளிநாட்டு அம்மா செக்கிங் டேபிள் அருகே நின்றார். கூட மொழிபெயர்க்க ஒரு தம்பி. பதிவேட்டை ஏந்திக்கொண்டு நான். மேசையில் குழந்தைகளுக்கான கம்பளிச் சட்டை குவிந்திருந்தது. வெளியே சித்திரை வெயில், சட்டையில் பனியும் கொம்பு வைத்த மானும். காலரில் யூரோ விலை அச்சடித்த அட்டை. தாராபுரம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒரு அக்கா பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டார்கள்.

"அஞ்சரைங்க."

பிறகு கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தம்பியைப் பார்த்து, "இந்தம்மா நாளைக்கும் வருவாங்களான்னு கேளு கண்ணு" என்றார்.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் பதிவேட்டைப் பார்த்தேன். நன்றி சொல்கிறார் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான். அந்த அம்மா மகிழ்ந்து கைகூப்பினார்.

மறுநாள் காலை சிவப்புக் குதிரை ஒரு டி.வி.எஸ். எக்ஸெல்லின் பின்சீட்டில் கயிறு கட்டி முதலாளி வீட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மாலை ஐந்தரைக்கு யாரும் மணி அடிக்கவில்லை.